மெழுகுப்பூச்சி தாக்கிய பெட்டியும் சிறகு சுருங்கிய தேனீக்களும்: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தேனீ வளர்ப்பில் எனக்கு இது இரண்டாம் ஆண்டு. இத்தாலியத் தேனீக்கள் கொண்ட இரண்டு பெட்டிகள் என்னிடம் உள்ளன. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் முதல் பெட்டியின் கூட்டம் பிரிந்து, பாதிக்கும் மேற்பட்ட தேனீக்கள் பழைய இராணியுடன் பறந்துவிட்டன. எஞ்சியவை புதிய இராணியை வளர்த்துக்கொண்டன என்றாலும், தேனீக்கள் மெழுகு அடை கட்டும் பத்து மரச் சட்டங்கள் உள்ள அந்தப் பெட்டியில் நான்கு சட்டங்களை மட்டுமே இப்போது தேனீக்கள் மூடியிருக்கின்றன. சென்ற வாரம் திறந்து பார்த்தபோது, ஓரத்தில் இருந்த இரண்டு கறுத்த பழைய அடைகளில் வெண்ணிற நூல் வலையும், அதனூடே சுரங்கம் போட்டுச் செல்லும் சாம்பல் நிறப் புழுக்களும், அடிப்பலகையில் மிளகுத்தூள் போன்ற எச்சமும் இருந்தன. தேனீக்கள் நிறைந்த மற்றோர் அடையிலும், மூடியிருக்க வேண்டிய கண்ணறைகள் (இளம் தேனீக்கள் வளரும் சிறு அறைகள்) கோடு கிழித்தாற்போல ஒரே வரிசையில் திறந்திருக்க, உள்ளே கூட்டுப்புழுக்களின் வெண்ணிறத் தலைகள் தெரிந்தன. தாங்கியின் கால்கள் வழியாக எறும்புகளும் ஏறிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது பெட்டி மிக வலுவாக உள்ளது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதன் வாசலுக்குக் கீழே சிறகு சுருங்கிய இளம் தேனீக்கள் நான்கைந்து தரையில் ஊர்வதை மட்டும் இரண்டு நாள் பார்த்தேன்.

பெட்டிக்குள் நாஃப்தலீன் உருண்டைகளைப் போட்டால் மெழுகுப்பூச்சி ஒழிந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் கூறினார். அதைச் செய்யலாமா? முதல் பெட்டியைக் காப்பாற்ற வேறு வழி இருந்தால் தயவுசெய்து விளக்குங்கள்.

மறுமொழி 1

நாஃப்தலீன் உருண்டையைத் தேனீக்கள் வாழும் பெட்டிக்குள் ஒருபோதும் போடாதீர்கள். அதன் ஆவி மெழுகில் ஊறித் தங்கிவிடும், அங்கிருந்து தேனுக்கும் வரும், தேனீக்களுக்கும் கேடு. எடுத்து வைத்திருக்கும் காலி அடைகளுக்குக்கூட அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் அந்த அடைகளும் ஒரு நாள் பெட்டிக்குள் திரும்பத்தான் போகின்றன.

உங்கள் முதல் பெட்டியின் சிக்கல் பூச்சியிலிருந்து தொடங்கவில்லை. தேனீக்களால் காவல் காக்க முடியாத ஆறு சட்டங்கள் உள்ளே இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குகிறது. மெழுகுப்பூச்சி என்பது ஓர் அந்துப்பூச்சி. அதன் தாய்ப்பூச்சி இரவில் நுழைந்து, தேனீக்கள் எட்டாத இடுக்குகளில் முட்டையிடும். போதுமான தேனீக்கள் இருக்கும் அடையில் பொரிக்கும் புழுவைப் பணித்தேனீக்கள் இழுத்து வெளியே எறிந்துவிடும். காலியாகக் கிடக்கும் அடையில் தடுக்க ஆளில்லை. அந்தப் புழுவுக்கு வெறும் மெழுகு போதுமான உணவன்று. இளம்புழுக்கள் வளர்ந்த கண்ணறைகளில் எஞ்சியிருக்கும் உரித்த தோல்களும் மகரந்தமுமே அதற்குச் சத்து தருகின்றன. கறுத்த பழைய அடைகளை அது தேடிப் போவதும், புழு வளராத புதிய வெள்ளை அடைகளை அதிகம் தொடாமல் விடுவதும் அதனால்தான்.

ஆகவே வலை பின்னிய இரண்டு அடைகளையும் இன்றே வெளியே எடுத்து, மெழுகாக உருக்கிவிடுங்கள். தேனீக்கள் மூடாத மற்றச் சட்டங்களையும் எடுத்துவிட்டு, நான்கு அல்லது ஐந்து சட்டங்களை மட்டும் நெருக்கி வைத்து, அருகில் ஒரு தடுப்புப் பலகையைச் செருகுங்கள். சிறிய பெட்டி இருந்தால் அதற்கே மாற்றிவிடுவது இன்னும் நல்லது. அடிப்பலகையில் சேரும் மெழுகுத் துகள்களும் மகரந்தத் தூளும் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு விருந்து. வாரம் ஒரு முறை அவற்றைச் சுரண்டி எடுத்து, பெட்டியிலிருந்து தொலைவில் அப்புறப்படுத்துங்கள். வாசலை இரண்டு விரல் அகலத்துக்குக் குறையுங்கள்.

வரிசையாகத் திறந்திருக்கும் கண்ணறைகளும் மெழுகுப்பூச்சியின் வேலையே. மூடிகளுக்குச் சற்றுக் கீழே புழு நேர்கோட்டில் சுரங்கம் தோண்டிச் செல்ல, அதைத் துரத்தும் தேனீக்கள் மூடிகளைக் கடித்துத் திறந்துவிடுகின்றன. அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக் கட்டையை இலேசாகத் தட்டினால் ஒளிந்திருக்கும் புழு மேலே வரும், எடுத்துக் கொன்றுவிடலாம். உள்ளே இருக்கும் கூட்டுப்புழுக்கள் பெரும்பாலும் பிழைத்து வெளிவரும், எனவே அந்த அடையை வீசிவிடாதீர்கள்.

இத்துடன் இரண்டாவது பெட்டியிலிருந்து, மூடிய கண்ணறைகள் நிறைந்த ஒரு சட்டத்தைத் தேனீக்களை உதறிவிட்டு எடுத்து முதல் பெட்டியில் வைத்தால், இரண்டு வாரத்துக்குள் கூட்டம் தேறிவிடும்.

மறுமொழி 2

மேலே நண்பர் மெழுகுப்பூச்சியைப் பற்றிக் கூறிய அனைத்தையும் ஏற்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வைக்க வேண்டும். கேட்டவர் தம் கவலைப் பட்டியலில் சேர்க்காத அந்தச் சிறகு சுருங்கிய தேனீக்களே இந்தக் கேள்வியில் என்னை மிகவும் கலங்கவைத்தவை. அவை, தேனீயின்மீது ஒட்டி வாழும் வரோவா உண்ணி பரப்பும் சிறகு உருக்குலைவு நச்சுயிரியின் (வைரசின்) அடையாளமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்தப் பெட்டியின் மூடிய கண்ணறைகளை முதல் பெட்டிக்கு மாற்றினால், தேனீக்களோடு உண்ணிகளையும் சேர்த்தே கொடுப்பீர்கள்.

கூட்டம் வலுவாக இருந்தால் எந்தப் பகையையும் சமாளித்துவிடும் என்ற விதி அந்துப்பூச்சிக்கும் எறும்புக்கும் பொருந்தும், வரோவாவுக்குப் பொருந்தாது. இந்த உண்ணி தொடக்கத்தில் ஆசியத் தேனீயின்மீது வாழ்ந்தது. அந்தத் தேனீ தன் உடலைச் சுத்தம் செய்து உண்ணியை உதிர்க்கும். மேலும் அங்கே உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீக்களின் கண்ணறைகளில் மட்டுமே பெருகுகிறது. இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதிய அளவில் இல்லை. அதன் பணித்தேனீக் கண்ணறைகளிலும் உண்ணி தாராளமாகப் பெருகும். கண்ணறை மூடப்படுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே புகுந்துவிடுகிறது. மூடிய பின் ஏறத்தாழ மூன்றாம் நாளில் ஆண் முட்டை ஒன்றும், அதன்பின் சுமார் 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகளும் இடுகிறது. கூட்டம் பெரிதாகி, மூடிய கண்ணறைகள் கூடக் கூட, உண்ணிக்கும் தொட்டில்கள் கூடுகின்றன. பூக்கள் குறைந்து இராணி முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும் பருவத்தில், பெருகிய உண்ணிகள் அனைத்தும் எஞ்சிய கொஞ்சக் கண்ணறைகளில் போய் நெருங்குகின்றன. நேற்று வரை நிரம்பி வழிந்த பெட்டி சில வாரங்களில் வெறுமையாவது இப்படித்தான். எனக்கும் தொடக்கத்தில் ஒரு முறை அவ்வாறு நேர்ந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த பெட்டியை, ஒரு முறைகூட உண்ணியை எண்ணிப் பாராமல் இழந்தேன்.

கண்ணால் பார்த்து உண்ணி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள செம்பழுப்பு நிற உண்ணி, தேனீயின் வயிற்றுப் பகுதியில் தகடுகளுக்கு இடையே பதுங்கியிருக்கும். மேலும், புழு வளர்ப்பு நடக்கும் காலத்தில் பெரும்பாலான உண்ணிகள் மூடிய கண்ணறைகளுக்குள்ளேயே இருக்கும். எனவே பொடித்த சர்க்கரையால் சோதித்துப் பாருங்கள். புழு வளரும் அடையிலிருந்து, இராணி அதில் இல்லை என்பதை இரு முறை உறுதி செய்துகொண்டு, அரைக் குவளைத் தேனீக்களை, அதாவது ஏறத்தாழ 300 தேனீக்களை, ஒரு சாடியில் எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணி விழக்கூடிய, தேனீ வர முடியாத கம்பிவலையை மூடியாகப் பொருத்தி, இரண்டு தேக்கரண்டி பொடித்த சர்க்கரையைத் தூவி, ஒரு நிமிடம் மெல்ல உருட்டுங்கள். இரண்டு நிமிடம் நிழலில் வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டின்மீது கவிழ்த்துக் குலுக்கினால் சர்க்கரை கரைந்து உண்ணிகள் தெளிவாகத் தெரியும். தேனீக்களைப் பெட்டிக்கே திருப்பி விடலாம். 300 தேனீக்களில் 9 உண்ணி என்றால் நூற்றுக்கு மூன்று. அந்த அளவைத் தொட்டுவிட்டால் பலரும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை, நானும் தள்ளிப்போடுவதில்லை.

மறுமொழி 3

எறும்பைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தாங்கியின் ஒவ்வொரு காலையும் எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் ஆவியாகிவிடும். கிண்ணத்துக்கு மேல் குடை போல ஒரு தகடு வைத்தால் மழைநீரும் தேனீக்களும் அதில் விழா. உயர்ந்து வளர்ந்த ஒரே ஒரு புல் பெட்டியைத் தொட்டாலும் எறும்புக்கு அது பாலமாகிவிடும், ஆகவே சுற்றியுள்ள செடிகளை வெட்டிவிடுங்கள். பூச்சிக்கொல்லித் தூளைப் பெட்டியருகே தூவ வேண்டாம். குளவிகள் வரும் காலத்திலும், வாசலைக் குறைத்து வைப்பதே வலுவற்ற கூட்டத்துக்கு முதல் உதவி.

வெளியே எடுத்த நல்ல அடைகளை எப்படி வைப்பது என்பதும் முக்கியம். கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் அவற்றில் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உறைபதனப் பெட்டியில் −7 பாகை செல்சியசில் நாலரை மணி நேரமும், −15 பாகையில் இரண்டு மணி நேரமும் மெழுகுப்பூச்சியின் எல்லாப் பருவங்களையும் கொல்லப் போதுமானவை. ஆனால் அந்தக் குளிர் அடையின் நடுப்பகுதி வரை எட்ட வேண்டும். தேன் நிறைந்த அடையில் அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் நான் ஒரு முழு நாளுக்குக் குறைத்து வைப்பதில்லை. பிறகு பூச்சி நுழையாதபடி மூடி வைக்க வேண்டும். உறைய வைக்க வசதி இல்லாதவர்கள், வெளிச்சமும் காற்றும் ஊடுருவும் இடத்தில் சட்டங்களை இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். அந்துப்பூச்சிக்கு இருளும் அடைசலுமே பிடிக்கும். கந்தகப் புகையை நம்புகிறவர்கள் அது முட்டைகளைக் கொல்லாது என்பதை நினைவில் கொண்டு, சில நாள் கழித்து மீண்டும் புகையிட வேண்டும்.

இன்னொன்று: அடையில் காணும் புழு எல்லாம் மெழுகுப்பூச்சியாகாது. சிறு பெட்டி வண்டு பரவியுள்ள பகுதிகளில் அதன் புழுவையும் பார்க்க நேரும். அது நூல் வலை பின்னாது. அதன் முதுகில் வரிசையாக முட்கள் இருக்கும். முன்பக்கத்தில் மட்டுமே மூன்று இணைக் கால்கள் இருக்கும். அது புகுந்த அடையில் தேன் புளித்து, கொழகொழவென்று வழிந்து, அழுகிய ஆரஞ்சு போல நாறும். ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே இயல்பாக வாழ்ந்த இந்த வண்டு 1998-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும், 2002-இல் ஆஸ்திரேலியாவிலும், 2014-இல் இத்தாலியிலும் கண்டறியப்பட்டது. பல நாடுகளில் இதைக் கண்டால் அரசுக்கு அறிவிப்பது கட்டாயம். கேட்டவர் நூல் வலையைத் தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதால் அவருடையது மெழுகுப்பூச்சியே.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. முதல் பெட்டியை ஐந்து சட்டங்களுக்குக் குறைத்துவிட்டேன். வலை பின்னிய அடைகளை உருக்கிவிட்டேன். கிண்ணங்களில் எண்ணெய் ஊற்றிய மறுநாளே எறும்புகள் நின்றுவிட்டன. அடையைத் தட்டியபோது இரண்டு புழுக்கள் உண்மையிலேயே மேலே வந்தன.

சர்க்கரைச் சோதனையை இரண்டு பெட்டிகளிலும் செய்தேன். முதல் பெட்டியில் 3 உண்ணிகள் மட்டுமே விழுந்தன. நான் கவலைப்படாமல் விட்டிருந்த இரண்டாவது பெட்டியில் 14 உண்ணிகள். வலுவற்ற கூட்டத்தில் குறைவாகவும் வலுவான கூட்டத்தில் மிகுதியாகவும் இருப்பது எப்படி? எந்தச் சிகிச்சையைச் செய்வது? அந்தப் பெட்டியின் மேல் உள்ள தேன் அறையில் (தேன் சேகரிக்கும் மேல் அடுக்கில்) பாதி நிறைந்த சட்டங்கள் உள்ளன.

மறுமொழி 2

எண்ணிப் பார்த்ததற்கு மகிழ்ச்சி. 300-க்கு 14 என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 4.7, இனிக் காத்திருக்கக் கூடாது. முதல் பெட்டியில் குறைந்திருப்பதற்குக் காரணம் கூட்டம் பிரிந்ததே. பறந்துபோன தேனீக்களோடு ஒரு பகுதி உண்ணிகளும் போய்விட்டன. புதிய இராணி பிறந்து, இணைந்து, முட்டையிடத் தொடங்கும் வரை மூடிய கண்ணறைகள் இல்லாத சில வாரங்களில் உண்ணிக்குப் பெருக இடம் கிடைக்கவில்லை.

முதலில் தேன் அறையை எடுத்துவிடுங்கள். பிறகு வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஃபார்மிக் அமிலம் கண்ணறை மூடிகளையும் ஊடுருவி உள்ளே இருக்கும் உண்ணியைக் கொல்லும் என்பதால் இப்போதுள்ள நிலைக்கு அதுவே ஏற்றது. ஆனால் பகல் வெப்பம் 30 பாகையை நெருங்கும் நாட்களில் இராணியை இழக்கும் ஆபத்து உண்டு. தைமால் (ஓமத்திலும் உள்ள வாசனைப் பொருள்) மெதுவாக வேலை செய்யும், அதுவும் வெப்பநிலையைச் சார்ந்ததே. ஆக்சாலிக் அமிலம் மூடிய கண்ணறைக்குள் செல்லாது. அதைப் பயன்படுத்த விரும்பினால் இராணியைச் சிறு கூண்டில் 24 நாட்கள் பெட்டிக்குள்ளேயே அடைத்து வைத்து, எல்லாக் கண்ணறைகளும் காலியான பின் இட வேண்டும். ஃப்ளூவாலினேட் என்ற உண்ணிக்கொல்லி தோய்ந்த பட்டைகளுக்கு உலகின் பல பகுதிகளில் உண்ணிகள் பழகிவிட்டன; அதை மட்டுமே நம்ப வேண்டாம். உங்கள் நாட்டில் தேனீக்களுக்கென்று அனுமதிக்கப்பட்ட தயாரிப்பையே வாங்கி, உறையில் உள்ள அளவை மீறாமல், அமிலம் என்றால் கையுறையும் கண்ணாடியும் உரிய முகக்கவசமும் அணிந்து இடுங்கள்.

மறுமொழி 1

சட்டம் மாற்றச் சொன்ன என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். சிறகு சுருங்கியது பற்றிய வரியை நான் கவனிக்காமல் கடந்துவிட்டேன். முதல் பெட்டிக்கு மாலை வேளையில் பெட்டிக்குள்ளேயே சர்க்கரைப் பாகு கொடுத்து, தானாக வளர விடுங்கள். ஐந்தாம் சட்டம் நிறைந்த பிறகே ஆறாவதைச் சேருங்கள். இரண்டாவது பெட்டியில் சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, அதே சாடி, அதே 300 தேனீ என்று மீண்டும் எண்ணிப் பாருங்கள். அன்றே முதல் பெட்டியையும் எண்ணுங்கள், ஏனெனில் வழி தவறி வரும் தேனீக்களின்மீது உண்ணிகள் ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு இதற்குள் வந்திருக்கக்கூடும். இரண்டு எண்களையும் இங்கே எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.