ஆர்க்கிட் தொட்டியைத் தாண்டி ஓடுது, பின்பக்கம் அழுகுது. அவசர உதவி!

தாம்பரம்மாடி · ஞாயிறு இரவு 10:40
வணக்கம். என் ஆர்க்கிட் தொட்டி விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கி ஓடிக்கிட்டே இருக்கு. நுனி நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிற பழைய தண்டு மட்டும் கணு கணுவா கறுத்து அழுகுது. போன வாரம் ரெண்டு கணு, இன்னைக்கு நாலு. தண்ணி சரியாத்தான் ஊத்துறேன். பெரியம்மா வளர்த்த செடி, அவங்க இப்போ இல்ல. இது போயிடக் கூடாது. யாராவது சொல்லுங்க.

வெண்டைப்பூ · 10:52
என்ன ஆர்க்கிட்ங்க? ஒரு படம் போடுங்களேன்.

கரிச்சட்டி · 11:05
மண்ணுல வெச்சிருப்பீங்க, அதான். ஆர்க்கிட்டுக்கு மண்ணே ஆகாது. அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, இவ்வளவுதான். என்கிட்ட டென்ட்ரோபியம்னு மரத்துல ஒட்டி வளர்ற ஆர்க்கிட் மட்டும் 40 தொட்டி, எல்லாமே கரியிலதான் நிக்குது. நாளைக்கே மாத்துங்க.

உவர்நீர் · 11:20
தாம்பரம்னா போர் தண்ணியா? முதல்ல டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு பாருங்க. என் வீட்டு போர்ல 1,400 காட்டுது. 200க்குக் கீழே இருந்தா ஆர்க்கிட் வேருக்கு நல்லது. உப்பு ஏறினா வேர் நுனி கருகி அப்புறம் அழுகும்.

ஏற்காட்டுப்பெரணி · திங்கள் காலை 6:15
பேர் தெரியாம ஆளாளுக்கு மருந்து சொல்லாதீங்க. ஆர்க்கிட்ல 25,000 இனத்துக்கு மேல இருக்கு. மரத்துல தொங்குறதும் உண்டு, தரையில ஊர்றதும் உண்டு. "தண்ணி சரியா ஊத்துறேன்"னா அதை வெச்சு நாங்க என்ன சொல்றது? இலை என்ன நிறம், தொட்டி எவ்வளவு ஆழம், உள்ளே என்ன கலவை, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணி, வெயில் படுதா? இத்தனை வருஷமா இதே அஞ்சு கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். கேட்கிறவங்க முதல்லயே எழுதினா ஒரு ராத்திரி மிச்சம்.

தாம்பரம்மாடி · 8:30
மன்னிக்கணும். இலை கரும்பழுப்பு, மேலே சிவப்புக் கோடு கோடா ஓடும், தொட்டா வெல்வெட் மாதிரி. தொட்டி சாதா பிளாஸ்டிக், 12 இன்ச். செம்மண், மண்புழு உரம். தினமும் தண்ணி. ஹால் ஜன்னல் பக்கம். ஆபீஸ் கிளம்பணும், ராத்திரி பார்க்கிறேன்.

ஏற்காட்டுப்பெரணி · 8:55
அப்போ இது லுடிசியா டிஸ்கலர். ஜுவல் ஆர்க்கிட்னு நர்சரியில விப்பாங்க. தென் சீனாவிலிருந்து மலேசியா வரைக்கும் காட்டுத் தரையில, இலைச்சருகு மேலே படுத்து ஊர்ற செடி. கணுவுக்குக் கணு குட்டையா, ரோமம் படர்ந்த வேர் விட்டு முன்னாடி போய்க்கிட்டே இருக்கும். விளிம்பைத் தாண்டுறது நோய் இல்ல, அதோட இயல்பு. அழுகலுக்குத்தான் காரணம் தேடணும். வேர் ரெண்டு மூணு இன்ச்சுக்கு மேல போகாத செடிக்கு 12 இன்ச் தொட்டி, அதுல செம்மண், தினமும் தண்ணி. அடியில தேங்குற ஈரத்தைக் குடிக்க அங்கே வேரே கிடையாது. பழைய தண்டு சேத்துல ஊறுது.

கரிச்சட்டி · 9:10
அதைத்தானே நானும் சொன்னேன், மண் ஆகாதுன்னு!

ஏற்காட்டுப்பெரணி · 9:24
வெறும் கரியும் ஆகாது. டென்ட்ரோபியம் வேர்ல வெள்ளையா ஒரு உறை இருக்கு, தண்ணி பட்டா சட்டுனு உறிஞ்சிப் பிடிச்சு வெச்சுக்கும். லுடிசியா வேருக்கு அந்த அளவு தாங்கு சக்தி கிடையாது, சென்னை வெயில்ல கரியில வெச்சா ஒரே வாரத்துல தண்டு சுருங்கிடும். மக்கின இலை, நல்லா அலசின கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பெர்லைட்னு விக்கிற வெள்ளைக் குருணை, பொடிச்ச கரி கொஞ்சம். இதான் கலவை.

கரிச்சட்டி · 9:31
நானும் 15 வருஷமா வளர்க்கிறேன் சார். தினமும் ரெண்டு வேளை தெளிச்சா கரியிலயும் நிக்கும். வளர்த்துப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

உவர்நீர் · 9:40
கோகோபீட்டை ஏன் அலசணும்னும் சொல்லுங்க. அதுலயும் உப்பு உண்டு. ராத்திரி ஊறப்போட்டு, ரெண்டு மூணு தண்ணி மாத்திப் பிழியணும். ஊத்துறதுக்கு மழைத்தண்ணி நல்லது. இல்லன்னா ஏசியிலிருந்து சொட்டுற தண்ணியைப் பிடிங்க, அதுல உப்பு ரொம்பக் குறைவு.

வெண்டைப்பூ · 9:58
ஏசி தண்ணியா? அந்தக் குழாய்க்குள்ள பாசியும் வழவழப்புமா இருக்குமே. உள்ளே இருக்கிற காயில் செம்பு வேற. எனக்குப் பயம்.

உவர்நீர் · 10:06
நான் மூணு கோடையா அதைத்தான் ஊத்துறேன். சர்வீஸ் பண்ணின ஏசியா இருந்தா போதும். 1,400 டிடிஎஸ் தண்ணியை விடவா?

மலைநாடோடி · 11:15
இதே மாதிரி செடி வால்பாறைச் சோலையில தரையோட தரையா பார்த்திருக்கேன். இது போனா அங்கேயிருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்திடலாமே?

கண்டியிலிருந்து · 11:42
தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. நான் யாழ்ப்பாணம், இப்ப கண்டியில இருக்கிறன். எங்கட மலைக்காட்டில வனராஜா எண்டு ஒரு செடி இருக்கு, அனெக்டோகைலஸ் எண்ட ஆர்க்கிட் பேரினம், இலையில பொன் நரம்பு மின்னும். வடிவுக்கெண்டு பிடுங்கிப் பிடுங்கியே காணுறதே அரிதாப் போச்சுது. கொண்டுவந்து வீட்டில வைச்ச ஆக்களிட்ட மூண்டு மாசத்துக்கு மேல அது நிண்டதை நான் காணேல்லை.

ஏற்காட்டுப்பெரணி · 11:50
வால்பாறையில நீங்க பார்த்ததும் அந்தப் பேரினமா இருக்கலாம், லுடிசியா நம்ம சோலையில கிடையாது. காட்டுலேருந்து எடுக்கிறது சட்டப்படி குற்றம். நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்ல எல்லா ஆர்க்கிட்டும் இருக்கு. பார்க்க ஆசையா இருந்தா ஏற்காட்டுல பி.எஸ்.ஐ. (இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம்) ஆர்க்கிட் தோட்டத்துக்கு வாங்க.

மலைநாடோடி · 12:05
தெரியாம சொல்லிட்டேன். எடுக்க மாட்டேன்.

கொத்தமல்லி · பிற்பகல் 2:20
அவங்க கேட்டது என்ன பண்ணணும்னு! போன வருஷம் என் செடியும் இப்படித்தான் ஆச்சு, செஞ்சதைச் சொல்றேன். பழைய தண்டை நகத்தால அழுத்திப் பாருங்க. கொழகொழன்னு தண்ணி வந்தா அந்தக் கணு போச்சு. கெட்டியா இருக்கிற இடத்துல, சுத்தமான பிளேடால வெட்டணும். வெட்டின முகம் உள்ளே வெளிர் பச்சையா இருக்கணும். நடுவுல பழுப்புப் புள்ளி தெரிஞ்சா நுனிப்பக்கமா இன்னொரு கணு தள்ளி வெட்டுங்க. வெட்டின இடத்துல மட்டும் சமையல் பட்டைத்தூள் தொட்டு, அரை நாள் நிழல்ல காய விடுங்க. வேர்ல தூள் படக்கூடாது, உலர்த்திடும்.

அப்புறம் புட்டு மாவு பிசையிற தாம்பாளம் மாதிரி அகலமான, நாலு இன்ச் ஆழத் தட்டு ஒண்ணு எடுத்து அடியில ஓட்டை போடுங்க. தண்டைப் புதைக்காதீங்க. கலவை மேலே படுக்க வெச்சு, கம்பியை ஹேர்பின் மாதிரி வளைச்சு ரெண்டு இடத்துல குத்துங்க. கணு தொட்டுக்கிட்டு இருந்தா போதும். இலை உதிர்ந்த தண்டும் கெட்டியா இருந்தா தூக்கிப் போடாதீங்க, அதுலயும் முளை வரும். பெரியம்மா செடின்னு சொன்னீங்க, அதனால ஒவ்வொரு துண்டையும் வெச்சுப் பாருங்க.

கரிச்சட்டி · 2:41
பட்டைத்தூள் பத்தாது, சாஃப்னு விக்கிற பூஞ்சைக்கொல்லி கலக்கித் தடவுங்க. மத்தபடி தட்டு யோசனை நல்லது, ஒத்துக்கிறேன்.

வெண்டைப்பூ · வியாழன்
தாம்பரம்மாடி, என்ன ஆச்சு?

ஏற்காட்டுப்பெரணி · அடுத்த செவ்வாய்
வெட்டியிருந்தா வாரம் ஒருமுறை தண்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீங்க. வர்ற வேர் ஒடிஞ்சிடும்.

தாம்பரம்மாடி · 26 நாள் கழித்து
ஆடிட் நேரம், வர முடியல. அஞ்சு துண்டு வெச்சேன். ரெண்டு அழுகிடுச்சு. மூணு நிக்குது, ஒண்ணுல கணுவுக்கு அடியில வெள்ளையா வேர் தெரியுது. இலையே இல்லாத துண்டுல சிவப்பா ஒரு முளை. ஏசி தண்ணிதான் ஊத்துறேன். எல்லாருக்கும் நன்றி.