அடுத்துத் திறக்கப் போகிறவருக்காக

எழுபதுகளில் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த 350 சிசி என்ஃபீல்ட் புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதுப்பித்தபோது கண்டதை இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இந்த வண்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் ஏற்பட்ட கூட்டால் சென்னைக்கு வந்து, ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பிறகும் பெரிய மாற்றமில்லாமல் இங்கே பல பத்தாண்டுகள் தயாரானது. 70 மி.மீ. போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட அந்த எஞ்சினுக்கு இன்றும் உதிரிகள் கிடைப்பதற்கும், அதைக் கழற்றத் தெரிந்தவர்கள் இருப்பதற்கும் அதுவே காரணம்.

ராயபுரத்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்தேன். எஞ்சினைத் திறந்ததும் அவர் முகம் வாடியது. முன்பு யாரோ இணைப்புகளுக்கு இடையே வைக்கும் காகித கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசி மூடியிருந்தார்கள். பிதுங்கிய பசையின் துணுக்குகள் எண்ணெய் செல்லும் துளைகளுக்குள் கிடந்தன. புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி, எஞ்சினின் அடிப்பகுதிக் கூடான கிராங்க் கேஸுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து எண்ணெயைத் தள்ள ஒரு பம்பும் திரும்ப இழுக்க ஒரு பம்பும் உண்டு. துளை அடைபட்டால் முதலில் அடிவாங்குவது, பிஸ்டனின் தண்டு கிராங்கோடு சேரும் பேரிங்கான பிக் எண்ட்தான். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழுந்து பின்னாளில் எண்ணெய் கசியும் என்பதால், அவர் மரச்சில்லு ஒன்றைச் சீவி, அதைக் கொண்டே பசையைப் பொறுமையாக எடுத்தார்.

“தம்பி, இதைச் செஞ்சவங்க, நாளைக்கு ஒருத்தன் திறப்பான்னு நினைச்சுச் செஞ்சிருக்காங்க. ஒட்டினவன் அதை நினைக்கலை” என்றார்.

கைவினை குறித்து நான் கேட்டவற்றுள் இதைவிடத் தெளிவான சொல் வேறில்லை. எண்ணெய் பம்பின் வட்டத் தகடு வேலையில் அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தகடு தன் இருக்கையில் ஒட்டி அசைய வேண்டும். சிறு மேடு பள்ளம் இருந்தாலும் அழுத்தம் குறையும். புதிய தகடு வாங்கித் தரவா என்று கேட்டேன். புதியதையும் இந்த இருக்கையில் தேய்த்துத்தான் படிய வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வால்வு பேஸ்ட் என்னும் மெல்லிய தேய்ப்புப் பசையைத் தடவி வட்டமாகத் தேய்த்தார். மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மங்கிய சாம்பல் நிறம் எங்கும் சீராகத் தெரியாவிட்டால் மறுபடியும் தொடங்குவார். மூடி போட்ட பிறகு எவர் கண்ணுக்கும் தெரியாத இடம் அது. சிலிண்டரை போர் செய்யும்போதும், அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கும்போதும், பிஸ்டனை முதலில் வாங்கி, அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே எவ்வளவு கடைய வேண்டும் என்று லேத் பட்டறைக்குச் சொன்னார். பொருந்தும் என்று உறையில் அச்சிட்டிருப்பதை அவர் நம்புவதில்லை.

வயரிங், டயர், பிரேக் ஷூ ஆகியவை வழக்கமான வேலைகள்.

புதுப்பித்தல் என்ற பெயரில் கிராங்க் கேஸைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்வது இன்று பரவலாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வார்ப்பின் சொரசொரப்பு ஒருமுறை போனால் போனதுதான். டேங்கிலும் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த பொன்னிறக் கோடு ஒரு பக்கம் நன்றாகவே இருந்தது. அந்தப் பக்கத்தை மெழுகு தேய்த்ததோடு நிறுத்தி, துருவேறிய மறுபக்கத்தை மட்டும் பெயின்ட் செய்தோம். இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இல்லை என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், எனக்கு அதில் குறையில்லை.

வேலை முடிந்ததும் பெரியவர் போரின் ஓவர்சைஸ் (கடைந்து கூட்டிய அளவு), கியர்பாக்ஸில் வைத்த ஷிம் என்னும் மெல்லிய தகடுகளின் கனம், தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அதை ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். வண்டி கைமாறினால் அட்டையும் சேர்ந்தே போகும்.