வகுப்பை முந்திவிட்ட ஏழு வயது மகன்: நான் என்ன செய்ய வேண்டும்?

ஒட்டுசுட்டான் தாய்:
என் மகன் தரம் 2 இல் படிக்கிறான். தரம் 5 கணக்குகளைத் தானாகவே செய்கிறான். முத்தையன்கட்டுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் ஓரடி நீர் குறைய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு என்னைத் துளைத்தெடுக்கிறான். ஆனால் கொப்பியில் ஓரெழுத்துப் பிழைத்தால் தாளையே கிழித்துவிட்டு அழுகிறான். வகுப்பில் எழுத மறுக்கிறான் என்று ஆசிரியை சொல்கிறார். உறவினர்களோ தரம் 5 இல் வரும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புக்கு இப்போதே அனுப்பச் சொல்கிறார்கள். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். இதைப் பற்றி யாரிடமாவது வாய் திறந்தால் பெருமை பேசுகிறேன் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி:
மகள், தாளைக் கிழிப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பத்து வயதுக்குரிய சிந்தனை ஓடும் பிள்ளைக்கும் கையும் மனமும் ஏழு வயதுக்குரியவையே. நினைத்தது கைக்கு வராதபோது அழுகை வருகிறது. எழுத மறுப்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு: தெரிந்த கணக்கையே இருபது முறை செய்யச் சொல்கிறோம். அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோசப் ரென்சுல்லி முன்வைத்த முறையில், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தது எது என்று முதலில் சோதித்து, அந்தப் பகுதியைச் சுருக்கி, மீதமாகும் நேரத்தில் ஆழமான வேலை கொடுக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் நான் இதைச் செய்திருக்கிறேன், பணம் தேவைப்படவில்லை. குறை சொல்லும் தொனி இல்லாமல் வகுப்பாசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். புலமைப்பரிசிலுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இந்த மாரியில் ஒரு வெற்றுப் போத்தலை வெட்டி மழைமானி செய்து கொடுத்து, நாள்தோறும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு தாய்:
அக்கா, என் மகளும் இப்படித்தான். தரம் 3 இலேயே ரியூசனுக்கு அனுப்பினேன். ஓராண்டுக்குள் அவள் தானாகப் புத்தகம் எடுப்பதையே விட்டுவிட்டாள். அது என் தவறு, இன்றும் வருந்துகிறேன். பிழைக்கு அஞ்சும் பழக்கத்தை மாற்ற, அவள் முன்னால் நான் எழுதும்போது வரும் பிழைகளைச் சத்தமாகச் சொல்லித் திருத்தத் தொடங்கினேன். மெல்ல மெல்லத் தாள் கிழிவது குறைந்தது. உங்கள் தனிமையும் எனக்குப் புரிகிறது. 1981 இல் ஜேம்ஸ் வெப் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் இத்தகைய பிள்ளைகளின் மனநலத்துக்காக ஓர் அமைப்பைத் தொடங்கியபோது, பெற்றோர் கூடிப் பேசும் குழுக்களையே அதன் மையமாக வைத்தார். இங்கே நாங்கள் மூன்று தாய்மார் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஒருவர் மற்றவரின் பிள்ளையை ஒப்பிடக் கூடாது என்பது மட்டுமே எங்கள் நிபந்தனை.

ஒட்டுசுட்டான் தாய்:
இருவருக்கும் நன்றி. திங்கட்கிழமை ஆசிரியையைச் சந்திக்கப் போகிறேன். போத்தலை மகன் இப்போதே வெட்டிவிட்டான். வவுனியா எனக்குத் தூரம். முல்லைத்தீவுப் பக்கத்தில் இப்படிக் கூட விரும்பும் பெற்றோர் இருந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.