ராமோன்ஸின் முதல் ஆல்பத்தோடு என் பழக்கம்

கிடார் கற்றுக்கொண்டிருந்த சமயத்தில், கூட வாசித்த நண்பன் ஒருவன் கேட்கச் சொல்லிக் கொடுத்தது, ராமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் முதல் ஆல்பம். அப்போது என்னிடம் இருந்த ஹெட்போனில் வலது பக்கம் வேலை செய்யாது. இடது காதில் மட்டும் கேட்டேன். டிரம்ஸ் இருக்கிறது, குரல் இருக்கிறது, பேஸ் கிடார் உறுமிக்கொண்டே ஓடுகிறது, ஆனால் மற்ற கிடார் எங்கேயோ தூரத்தில்கூட சரியாகக் கேட்கவில்லை. அப்படியே முழு ஆல்பத்தையும் கேட்டு முடித்தேன், பிடித்தும் போய்விட்டது. அப்புறம் நல்ல ஹெட்போன் ஒன்றில் போட்டபோதுதான் வலது பக்கம் முழுக்க ஜானி ராமோனின் கிடார் அடைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

பேஸ் இடது சேனலில், கிடார் வலது சேனலில், குரலும் டிரம்ஸும் நடுவில். பீட்டில்ஸின் ஆரம்பகால ஸ்டீரியோ பதிவுகளிலும் இப்படி ஒலிகளை இரு பக்கமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. ஒரு பக்கத்தை அணைத்துவிட்டு அந்த இடத்தில் நாமே வாசிக்கலாம்.

அப்படித்தான் வாசிக்க உட்கார்ந்தேன். கார்டுகள் (chords, சேர்த்து அடிக்கும் சுரங்கள்) அன்று மாலையே கைக்கு வந்துவிட்டன. கை தாங்கவில்லை! ஜானி எல்லாவற்றையும் மேலிருந்து கீழாகவே அடிக்கிறார். மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் வேகம் எளிதாக வரும், ஆனால் அந்த ஒலி வராது. ஒவ்வொரு அடியும் ஒரே அழுத்தத்தில் விழவேண்டும். முதல் பாட்டு 'பிளிட்ஸ்கிரீக் பாப்' முடிவதற்குள் என் மணிக்கட்டு இறுகிவிடும். ராமோன்ஸுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால்தான் எளிமையாக வாசித்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொல்பவர்கள் கிடாரை எடுத்து இரண்டு நிமிடம் அப்படி அடித்துப் பார்க்கட்டும்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலிருந்து வந்த நான்கு பேர். 1974இலிருந்து சிபிஜிபி கிளப்பில் இதே பாட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தேய்த்தவர்கள். 1976 பிப்ரவரியில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்தின் மேலே இருந்த பிளாசா சவுண்ட் ஸ்டுடியோவில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பதிவை முடித்துவிட்டார்கள். செலவு சுமார் 6,400 டாலர். 14 பாட்டுகள், மொத்தம் 29 நிமிடம் சொச்சம். அந்த வேகம் மேடையில் சேர்த்து வைத்த உழைப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

எல்லாமே எனக்குச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். கடைசிப் பாட்டில் நாஜி அடையாளங்களோடு விளையாடுகிறார்கள். பாடுகிற ஜோயி யூதர். டிரம்ஸ் வாசித்த டாமி புடாபெஸ்டில் பிறந்தவர், அவருடைய பெற்றோர் யூதப் படுகொலையில் உயிர்தப்பியவர்கள். இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் பாட்டு வரும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கிறது. ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம் அதில் ஒரு வரியை மாற்றச் சொன்னது சரிதான் என்பது என் எண்ணம்.

ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் 111ஆம் இடத்தைத் தாண்டவில்லை. விற்பனைக்கான கோல்டு அங்கீகாரம் 2014இல்தான் கிடைத்தது. அதற்குள் ஜோயி, பேஸ் வாசித்த டீ டீ, ஜானி மூவரும் போய்விட்டார்கள். டாமியும் அதே ஆண்டு ஜூலையில் இறந்துவிட்டார். இவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட எத்தனையோ குழுக்கள் பெரிய அரங்குகளை நிரப்பிய பிறகு இவர்களுக்கு இது வந்து சேர்ந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

சரி, யாருக்காவது முதலில் ஒரு பாட்டு போட்டுக் காட்டவேண்டும் என்றால், டாமி எழுதிய 'ஐ வான்னா பி யுவர் பாய்ஃபிரண்ட்' போடுங்கள். இந்த வேகத்துக்கு நடுவே அவ்வளவு மென்மையான காதல் பாட்டு. ஜோயியின் குரல் எப்படிப்பட்டது என்று அதில்தான் முழுதாகத் தெரியும். சத்தம் என்றாலே கதவைச் சாத்திக்கொள்ளும் என் அக்கா, அதை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். இன்றுவரை மற்ற பதின்மூன்று பாட்டையும் கேட்க மறுக்கிறாள்.