லினக்ஸில் ஆர்டிசி ஓடுகிறது, யூ-பூட்டில் மட்டும் காணவில்லை

கேட்டவர்:
எங்கள் போர்டில் ஐ2சி பஸ் 1-இல் (சிப்புகளை இணைக்கும் இரு கம்பித் தடம்) டிஎஸ்1307 என்ற ஆர்டிசி, அதாவது நேரம் காக்கும் கடிகாரச் சிப், இருக்கிறது. லினக்ஸ் ஏறியதும் ஆர்டிசி0 வந்துவிடுகிறது, நேரமும் சரி. லினக்ஸை ஏற்றும் பூட்லோடரான யூ-பூட்டில், நேரம் காட்டும் டேட் கட்டளை அடித்தால் மட்டும் ஆர்டிசி கிடைக்கவில்லை, பிழை -19 என்கிறது. டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள சாதனங்களைச் சொல்லும் விவரக் கோப்பு) அதற்கான நோடு சேர்த்து மூன்று முறை கம்பைல் செய்துவிட்டேன். வயரிங் தப்பாக இருக்குமோ?

பதில் 1:
லினக்ஸில் ஓடும்போது வயரிங்கைத் தொடாதீர்கள். -19 என்பது ஈநோடெவ்: அப்படி ஒரு சாதனமே யூ-பூட்டின் பட்டியலில் இல்லை. ஐ2சி டெவ் 1, அப்புறம் ஐ2சி புரோப் கொடுங்கள். டிஎஸ்1307-இன் முகவரியான ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 68 வருகிறதா? யூ-பூட் அறிந்த சாதனங்களைக் காட்டும் டிஎம் ட்ரீ கட்டளையில் ஆர்டிசி வரி உண்டா?

கேட்டவர்:
50, 68 இரண்டும் வருகின்றன. 50 என்பது ஈப்ராம் என்ற மெமரிச் சிப். டிஎம் ட்ரீயில் ஐ2சி இருக்கிறது, அதன் கீழே ஆர்டிசி இல்லை. யூ-பூட் கான்ஃபிக்கில் டிஎம் ஆர்டிசி, டிஎஸ்1307 டிரைவர் இரண்டையும் ஒய் (ஆம்) ஆக்கியிருக்கிறேன்.

பதில் 1:
நீங்கள் திருத்தியது லினக்ஸ் கர்னல் சோர்ஸில் உள்ள டிடிஎஸ் (டிவைஸ் ட்ரீயின் மூலக் கோப்பு) என்று நினைக்கிறேன். யூ-பூட்டுக்குத் தனி டிடிபி (டிடிஎஸ்ஸைக் கம்பைல் செய்த வடிவம்) உண்டு. கர்னலுக்காக அது மெமரியில் ஏற்றிக் கொடுக்கும் டிடிபியை வைத்துத் தன் டிரைவர்களை எழுப்பாது. எஃப்டிடி ஆடர் கட்டளைக்கு, யூ-பூட்டின் சொந்த டிடிபி இருக்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டிடிகன்ட்ரோல்ஆடர் மாறியின் மதிப்பைக் கொடுத்து, எஃப்டிடி பிரிண்ட் அடியுங்கள். யூ-பூட் உண்மையில் பார்ப்பது அந்த மரத்தைத்தான்.

கேட்டவர்:
ஆமாம், அதில் நோடே இல்லை! எங்கே சேர்ப்பது?

பதில் 2:
யூ-பூட் சோர்ஸில், போர்டின் பெயரோடு யூ-பூட் என்று முடியும் டிடிஎஸ்ஐ கோப்பில் (டிடிஎஸ்ஸோடு சேர்க்கப்படும் துணைக் கோப்பு), ஐ2சி நோடுக்குள் எழுதுங்கள். எந்தச் சிப் என்று டிரைவருக்குச் சொல்லும் கம்பேட்டிபிள் 'டல்லாஸ்,டிஎஸ்1307'. முகவரியைச் சொல்லும் ரெக் மதிப்பில் ஹெக்ஸ் முன்னொட்டை (0x) விட்டுவிடாதீர்கள். வெறும் 68 என்றால் டெசிமலாக எடுத்துக்கொண்டு ஹெக்ஸ் 44-ஐத் தேடும். அப்போது டிஎம் ட்ரீயில் பெயர் வரும், நேரம் மட்டும் வாசிக்காது. அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

கேட்டவர்:
வந்துவிட்டது, மிக்க நன்றி! இன்று முதல் முறையாகப் பவர் கொடுத்த இன்னொரு போர்டில் ஆஸிலேட்டர் (கடிகாரத்தை ஓட்டும் துடிப்புச் சுற்று) நின்றிருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறதே?

பதில் 2:
புதுச் சிப்பில் அது வழக்கம்தான். ரெஜிஸ்டர் 0-இன் 7-ஆவது பிட் 1 ஆக இருந்தால் கடிகாரம் நின்றிருக்கும். டிரைவரே அந்தப் பிட்டை அழித்துவிடும். பிறகு டேட் கட்டளையில் மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டு என்ற வரிசையில் இடைவெளி இல்லாமல் நேரத்தைக் கொடுங்கள்.

கேட்டவர்:
கொடுத்தேன். பவரை எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். இரண்டு போர்டிலும் நேரம் சரியாக இருக்கிறது.