வார்டில் பக்கவிளைவுப் படிவம் நிரப்ப மாணவிகளைப் பழக்குவது எப்படி?

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி.க்கு மருந்தியல் எடுக்கிறேன். தேர்வில் பக்கவிளைவுகளை மடமடவென எழுதும் மாணவிகள், வார்டில் கண்ணெதிரே நடந்தால் அதைத் தெரிவிக்கும் படிவத்தைத் தொடுவதில்லை.

போன மாதம் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்ட ஒருவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மருந்தை நிறுத்தினார்கள், கேஸ் ஷீட்டில் குறித்தார்கள், அதோடு சரி. கேட்டால், "ஊசி போட்டது நாங்கதானே மேடம், பழி எங்க மேல வந்துட்டா?" என்கிறார்கள். இந்தப் பயம்தான் என்னை உறுத்துகிறது.

சந்தேகம் இருந்தாலே அனுப்பலாம், அனுப்புகிறவருக்குச் சட்டச் சிக்கல் இல்லை என்று இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்திலேயே இருப்பதை வாசித்துக் காட்டினேன். அத்திட்டத்தின் உதவி எண்ணான 1800-180-3024-ஐ நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டினேன். விளைவுக்கு அந்த மருந்துதான் காரணமா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நரான்ஜோ அளவுகோலைச் சொல்லிக்கொடுத்ததில், மதிப்பெண் கூடினால்தான் அனுப்பணும் என்று நினைத்துக்கொண்டார்கள். வகுப்பில் மாதிரி கேஸ் கொடுத்தால் நோயாளி விவரம், மருந்து, விளைவு, அனுப்புபவர் என எல்லாம் சரியாக நிரப்புகிறார்கள். வார்டுக்குப் போனால் கை நின்றுவிடுகிறது.

உங்கள் மாணவிகள் வார்டிலேயே தயங்காமல் படிவம் நிரப்ப, எந்தப் பயிற்சி உண்மையில் பலன் தந்தது?