‘அவையிசைவு’: சூதாட்ட வாரிய நியமனங்களுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆளுநர் ஒருவரை நியமிக்கிறார், அதை மாநில மேலவை (செனட்) ஏற்கவேண்டும். இந்த ஏற்பை ‘ஒப்புதல்’ என்பதா, ‘உறுதிப்படுத்தல்’ என்பதா என்று இந்த இழையில் பேசி வருகிறோம். நான் ‘அவையிசைவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

> ‘ஒப்புதல்’ எல்லோருக்கும் புரிகிறதே, புதிதாக எதற்கு?

சட்ட முன்வடிவுக்கு ஆளுநர் தருவதையும் ஒப்புதல் என்றுதான் எழுதுகிறோம். ஆளுநரும் மேலவையும் அடுத்தடுத்து வரும் செய்தியில் இரண்டு இடத்திலும் அதே சொல்லைப் போட்டால், பெயரை முன்மொழிந்தவர் யார், அதற்கு இணங்கியவர் யார் என்பது மங்கிவிடுகிறது. ‘உறுதிப்படுத்தல்’ இன்னும் மோசம். ‘நியமனம் உறுதிப்படுத்தப்பட்டது’ என்று நாளிதழில் படிப்பவர், வதந்தி உண்மையாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்; அரசு ஊழியருக்கோ தகுதிகாண் பருவம் நினைவுக்கு வரும்.

‘இசைவு’ என்பதை நான் தேர்ந்ததற்கு மிச்சிகன் அரசமைப்பே காரணம். அங்கே நியமனத்தை ஏற்க மேலவை வாக்கெடுக்க வேண்டியதில்லை. 60 அமர்வு நாள்களுக்குள் பெரும்பான்மை வாக்கால் நிராகரிக்காவிட்டால் நியமனம் நிலைத்துவிடும். ஒப்புதல் என்றால் ஒருவர் வாய்திறந்து தந்தாக வேண்டும். அவை வாளாவிருப்பதையும் தழுவிக்கொள்ளும் சொல் இசைவு. ‘அவையிசைவு பெற்றதாகக் கொள்ளப்படும்’ என்று உறுத்தாமல் எழுதலாம். ‘அமர்வு நாள்’ என்பதையும் இத்துடன் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கவேண்டும். அவை கூடும் நாள்களை மட்டும் எண்ணுவதால் 60 நாள் என்பது பல மாதங்களாக நீளும். வெறுமனே ‘60 நாள்’ என்று மொழிபெயர்த்தால் தவறான செய்தியாகிவிடும்.

கலிபோர்னியாவில் இது தலைகீழ். அங்குள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் 5 உறுப்பினர்களையும் ஆளுநர் நியமிக்கிறார். நியமிக்கப்பட்டவர் உடனே பணியில் அமரலாம். ஓராண்டுக்குள் மேலவை இசையாவிட்டால் இடம் காலியாகிவிடும். அதாவது, அவையின் மௌனம் மிச்சிகனில் பதவியைக் காக்கிறது, கலிபோர்னியாவில் பறிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லத்தான் வேண்டும், ஆனால் ‘இசையாமை’ எப்போது நிராகரிப்பாகிறது என்பதைக் கட்டுரையாளர் விளக்கியாக வேண்டும். கலைச்சொல் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யாது.

நியூ ஜெர்சியைப் பற்றியும் ஒரு சொல். அங்கே கேசினோ கட்டுப்பாட்டு ஆணையத்துக்கும் மேலவையின் இசைவு தேவை. கூடவே எழுதாத மரபு ஒன்று உண்டு: முன்மொழியப்பட்டவரின் சொந்தக் கவுன்டியை (மாவட்டம் போன்ற பகுதி) சேர்ந்த மேலவை உறுப்பினர் ஒருவர் உடன்படாவிட்டால், பெயர் மேலவைக் குழுவின் முன்னால் வராமலே கிடக்கும். வாக்கெடுப்பு இல்லை, காரணம் சொல்லவேண்டியதும் இல்லை. சூதாட்ட உரிமம் வழங்கும் ஓர் அமைப்பில் இப்படி ஒரு தனிமனிதத் தடை இருப்பது எனக்கு நல்லதாகப் படவில்லை. இதற்கு ‘உறுப்பினர் தடை’ என்று தனிச்சொல் வைக்கலாம், அவையிசைவோடு கலக்கக்கூடாது. பென்சில்வேனியாவிலோ வாரியத்தின் 7 உறுப்பினர்களில் நால்வரைச் சட்டமன்றத் தலைவர்களே நேரடியாக நியமிக்கிறார்கள். அந்த நால்வருக்கும் ‘அவையிசைவு’ பொருந்தாது.

> மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘இசைவாணை’யோடு குழம்பாதா?

அது ஆணை, தொழிற்சாலைக்குத் தரப்படுவது. முன்னால் ‘அவை’ நிற்பதால் இங்கே தருபவர் யார் என்பது தெளிவு. ஓர் அவை மட்டும் இசையும் இடத்தில் ‘மேலவையிசைவு’ என்று குறிப்பாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நம்மிடம் ஆயத்தமான சொல் இல்லாததற்குக் காரணம், இந்த நடைமுறையே இங்கு இல்லை என்பதுதான். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் அமைத்த ஆணையத்தின் உறுப்பினர்களையும் அரசே நியமிக்கிறது. பேரவையின் வாக்கு அதில் வருவதில்லை.

இசைவுக்கு முன் அவைக்குழு பெயருக்குரியவரை நேரில் கேள்வி கேட்பதை ‘விசாரணை’ என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம், குற்றம் சாட்டப்பட்டவர் போல ஒலிக்கிறது. ‘தகுதி வினவல்’ எனலாமா? சட்டத்துறையில் மொழிபெயர்ப்பவர்கள் சொல்லவேண்டும்.

அன்புடன்.